அப்பாவின் ஸ்ப்ளெண்டரா, புதிய ஸ்ப்ளெண்டர் பிளஸ்ஸா?

நீங்கள் கேட்டிருப்பது இது: அப்பா 1998-ல் வாங்கிய ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர் இன்னும் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. உங்களுக்கு 22 கிலோமீட்டர் தள்ளி வேலை கிடைத்திருக்கிறது. பழையதைக் கொடுத்துவிட்டுப் புதிய ஸ்ப்ளெண்டர் பிளஸ் வாங்கலாம் என்று நினைக்கிறீர்கள். அப்பாவோ, "அந்தக் காலத்து இரும்பு இப்போது ஏது? இப்போது வருவதெல்லாம் தகரம்" என்கிறார். இரண்டில் எது நல்ல வண்டி என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். ஆனால் கேள்வியை இரண்டு முறை படித்துப் பார்த்தால், அப்பா சொல்வதில் எவ்வளவு உண்மை என்பதைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று தோன்றுகிறது. அதற்கே பதில் சொல்கிறேன். ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படித்துவிட்டு 1997 முதல் போடிநாயக்கனூரில் பட்டறை வைத்திருக்கிறேன். உங்கள் அப்பா வண்டி வாங்கிய காலத்தில் நானும் தொழிலுக்குப் புதியவன். இந்த இரண்டு வண்டிகளுமே என் கையில் நிறைய வந்துபோயிருக்கின்றன.

முதலில் தகரம் என்ற பேச்சை முடித்துவிடலாம். இரண்டு வண்டியின் எஞ்சினும் 97.2 சி.சி.தான். சிலிண்டரின் விட்டம் 50 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 49.5 மி.மீ. 1985-ல் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி.100 வண்டியிலிருந்து இந்த அளவு மாறவில்லை. 1994-ல் ஸ்ப்ளெண்டர் வந்தபோதும் அதே எஞ்சின்தான். ஹோண்டாவும் ஹீரோவும் பிரியப் போவதாக 2010 டிசம்பரில் அறிவித்தார்கள். பெட்ரோல் டேங்கில் இருந்த பெயர் மாறியதே தவிர, எஞ்சினின் அடிப்படை அப்படியே தொடர்ந்தது. காற்றில் குளிரும் ஒற்றை சிலிண்டர், நான்கு கியர். புதிய வண்டியின் எடை 112 கிலோ. பழையதும் ஏறத்தாழ அதே அளவுதான். தகரமாகியிருந்தால் தராசு காட்டிக் கொடுத்திருக்கும்.

அப்படியானால் அப்பா பொய் சொல்கிறாரா என்றால், இல்லை. அவர் கண்ணில் படுவது 27 ஆண்டுகளைத் தாண்டி நிற்கிற வண்டிகள் மட்டும். அவரோடு சேர்ந்து அதே ஆண்டு வாங்கியவர்களில் எத்தனை பேருடைய வண்டி சென்னை புதுப்பேட்டையில் துண்டு துண்டாக விற்றுப் போனது என்பதை அவர் பார்த்திருக்க வழியில்லை. ஆயில் மாற்றாமல் ஓட்டி கேம் ஷாஃப்ட் தேய்ந்தவை, டைமிங் செயின் சத்தம் கேட்டும் கேட்காததுபோல் ஓட்டி ஹெட் வீணானவை, இப்படி அந்தக் காலத்திலும் என் பட்டறையில் வரிசை கட்டி நின்றன. உங்கள் அப்பாவின் வண்டி பிழைத்திருப்பதற்குக் காரணம் இரும்பைவிட அப்பாதான் என்பது என் எண்ணம். 900 மில்லி எண்ணெயை நேரத்துக்கு மாற்றுகிற மனிதரின் வண்டி எந்தக் காலத்திலும் ஓடும்.

மாறியிருப்பது எஞ்சினுக்குப் பெட்ரோல் போகும் வழியும், எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் வழியும். இரண்டுமே சட்டத்தால் வந்த மாற்றங்கள். 1996-ல் நடைமுறைக்கு வந்த விதிப்படி ஓர் இருசக்கர வண்டி ஒரு கிலோமீட்டர் ஓடும்போது 4.5 கிராம் வரை கார்பன் மோனாக்சைடு விடலாம். உங்கள் அப்பாவின் வண்டி அந்தக் காலத்தது. 2000-ல் அது 2 கிராம், 2005-ல் 1.5, 2010-ல் 1 கிராம் என்று இறங்கியது. 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 விதியில், அதாவது பாரத் ஸ்டேஜ் எனும் புகை விதிகளின் ஆறாம் கட்டத்தில், கார்பன் மோனாக்சைடுக்கு 2010-ன் அதே 1 கிராம்தான். ஆனால் எரியாத பெட்ரோல் ஆவியான ஹைட்ரோகார்பனுக்கு 0.1 கிராம், நைட்ரஜன் ஆக்சைடுக்கு 0.06 கிராம் என்று தனித்தனியாகக் கடிவாளம் போட்டார்கள். 2010 விதியில் இரண்டும் சேர்ந்தே 1 கிராம் வரை போகலாம் என்றிருந்தது. துளையின் அளவை வைத்துப் பெட்ரோலை அளக்கிற கார்புரேட்டரால் இந்தக் கணக்குக்குள் நிற்பது மிகவும் கடினம். அதனால்தான் பெட்ரோலை அளந்து பீய்ச்சுகிற இன்ஜெக்டர் வந்தது. கூடவே, புகையில் இருக்கும் நச்சு வாயுக்களை அடக்குகிற கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சைலன்ஸருக்குள் இருக்கிறது.

இந்தக் கன்வெர்ட்டரைப் பற்றி ஒன்றைப் புரிந்துகொண்டால் மைலேஜ் சண்டையில் பாதி தீர்ந்துவிடும். அது ஒழுங்காக வேலை செய்ய, 1 பங்கு பெட்ரோலுக்கு எடைக்கணக்கில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று கலந்திருக்க வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் அதனால் மூன்று வாயுவையும் ஒரே நேரத்தில் அடக்க முடியாது. புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் மீதமிருக்கும் காற்றை மோப்பம் பிடித்துச் சொல்ல, ஈ.சி.யூ. என்ற சின்னக் கணினி அதற்கேற்ப இன்ஜெக்டரைத் திறந்து மூடுகிறது. பழைய வண்டியில் அந்த வேலையை நாங்கள் ஒரு திருப்புளியை வைத்துச் செய்தோம். "அண்ணே, மைலேஜ் வரவில்லை" என்று ஒருவர் வந்தால் காற்றைக் கூட்டிப் பெட்ரோலைக் குறைத்து வைப்போம். அவருக்கு லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் கூடும், எஞ்சின் கொஞ்சம் அதிகமாகச் சுடும், பிளக் வெள்ளையாகும். 80 கொடுத்தது என்று பெரியவர்கள் சொல்லும் கதைகளில் சில உண்மைதான். அந்த உண்மைக்குள் இப்படிப்பட்ட திருப்புளி வேலையும், காலியான சாலையும், 40-ஐத் தாண்டாத வேகமும் சேர்ந்திருந்தன. புதிய வண்டியில் இந்தச் சலுகை கிடையாது. கலவையை மாற்றித் தரச் சொல்லி யாரிடமும் கேட்காதீர்கள், யாராவது மாற்றித் தருகிறேன் என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

என்னிடம் ஒழுங்காக வருகிறவர்கள் டேங்க் நிரப்பிக் கணக்குப் பார்த்துச் சொல்வதை வைத்துப் பார்த்தால், நல்ல நிலையில் இருக்கிற பழையதும் புதியதும் லிட்டருக்கு 60-இலிருந்து 70 கிலோமீட்டருக்குள் வந்து நிற்கின்றன. இது ஆய்வுக்கூடக் கணக்கு இல்லை, ஓட்டுகிறவர் கையைப் பொறுத்து முன்பின் இருக்கும். எனவே மைலேஜுக்காக மட்டும் புதியது வாங்கினால் போட்ட பணம் அந்த வழியில் திரும்பாது. ஆனால் ஒரு வேறுபாட்டை உறுதியாகச் சொல்வேன். பழைய வண்டியின் மைலேஜ் கடைசியாக எப்போது டியூனிங் பார்த்தீர்கள் என்பதைப் பொறுத்து ஏறி இறங்கும். புதியது வருடம் முழுவதும் ஏறத்தாழ ஒரே கோட்டில் நிற்கும்.

எங்கள் ஊரில் இந்த வேறுபாடு கண்கூடாகத் தெரியும். போடியிலிருந்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போகிறவர்கள் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி 4,000 அடிக்கு மேல் இருக்கிற போடிமெட்டைத் தாண்ட வேண்டும். மேலே போகப்போகக் காற்று மெலியும். கார்புரேட்டருக்கு அது தெரியாது, கீழே விட்ட அளவுக்கே பெட்ரோலை விடும். வண்டி திணறும், பிளக்கில் கரி படியும். தோட்டத்தில் தங்கி வேலை பார்க்கிறவர்கள் மெயின் ஜெட்டை, அதாவது கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் துளையுள்ள திருகை, சின்னதாக மாற்றித் தரச் சொல்லி வருவார்கள். கீழே வந்ததும் பழையதை மாட்டிக்கொள்வார்கள். புதிய வண்டியில் காற்றின் அழுத்தத்தை அளக்கவே ஒரு சென்சார் இருப்பதால் பெட்ரோலை அதுவே குறைத்துக்கொள்கிறது. 2020-க்குப் பிறகு வந்த வண்டிகளுக்காக ஜெட் மாற்றச் சொல்லி ஒருவரும் என் படியேறியதில்லை, ஏற முடியாது, மாற்ற ஜெட்டே கிடையாது. மார்கழிக் காலையில் சோக்கை இழுத்து வைத்து ஐந்தாறு முறை உதைக்கிற வேலையும் போயிற்று.

ஓட்டும்போது புதியது மந்தமாக இருப்பதாக நிறையப் பேர் சொல்கிறார்கள். இதை மனப்பிரமை என்று தள்ளிவிட முடியாது. பழையதன் சக்தி ஏழரை குதிரைத்திறன் அளவு, பி.எஸ்.6 வண்டியின் சக்தி 8.02. காகிதத்தில் புதியது கூடுதல். ஆனால் இழுவை எங்கே கிடைக்கிறது என்று பாருங்கள். இதற்கு முந்தைய பி.எஸ்.4 வண்டியில் 8.05 நியூட்டன் மீட்டர் இழுவை, எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுழற்சியில் ஓடும்போதே கிடைத்தது. பி.எஸ்.6-இல் அதே 8.05 கிடைக்க 6,000 சுழற்சி வரை போக வேண்டியிருக்கிறது. நான்காவது கியரில் முப்பதில் உருட்டிக்கொண்டு போய், வேகத்தடை தாண்டி அப்படியே முறுக்கிப் பழகியவர்களுக்கு இது உறைக்கும். மூன்றாவது கியருக்கு இறங்கி எடுங்கள், எஞ்சினுக்கும் அதுவே நல்லது. உங்கள் அப்பா ஓட்டிப் பார்த்தால் முதல் நாளே குறை சொல்வார். சொல்லட்டும்.

பிரேக்கிலும் சக்கரத்திலும் புதியதற்குத்தான் என் ஓட்டு, இதில் எனக்குத் தயக்கமே இல்லை. 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு உட்பட்ட புதிய வண்டிகளில் இரண்டு பிரேக்கும் இணைந்து பிடிக்கும் அமைப்பு அல்லது சக்கரம் இறுகிச் சறுக்காமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம். இந்த வண்டியில் இருப்பது முதல் வகை, பின் பிரேக்கை மிதித்தால் முன்சக்கரமும் கொஞ்சம் பிடிக்கும். நம் ஊரில் முன் பிரேக்கைத் தொட்டால் குப்புற விழுந்துவிடுவோம் என்று பயந்து வெறும் காலை மட்டும் நம்பி ஓட்டுகிறவர்கள் ஏராளம். அவர்களுக்கு இது பெரிய காப்பு. பழையதில் 2.75 அங்குல டயரும் டியூபும். ஆணி ஏறினால் நின்ற இடத்திலேயே காற்றுப் போகும். புதியதில் சற்றே அகலமான 80/100 டியூப்லெஸ் டயர். ஆணியோடு மெல்ல ஓட்டிப் பஞ்சர் கடை வரை வந்துவிடலாம். தினமும் 44 கிலோமீட்டர், அதில் பாதி இருட்டில் என்றால் இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பழைய வண்டியின் முகப்பு விளக்கு சிக்னலில் நிற்கும்போது மங்கும், முறுக்கினால்தான் பிரகாசமாகும் என்பது அப்பாவுக்கே தெரிந்த விஷயம்.

இனி புதிய வண்டியால் நாம் இழப்பதைச் சொல்ல வேண்டும், அப்பாவின் கோபத்துக்கு உண்மையான காரணம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பழைய வண்டி கெட்டுப் போவதற்கு முன் பேசும். ஐட்லிங் நிற்காது, சைலன்ஸரில் படபடவென்று வெடிக்கும், சோக் போட்டால்தான் ஓடும். அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு உங்கள் அப்பா பாதி மெக்கானிக் ஆகியிருப்பார். நடுவழியில் நின்றால் பிளக்கைக் கழற்றித் துடைத்து, கார்புரேட்டர் அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தித் தூசியை வெளியேற்றி, எப்படியாவது வீடு சேர்ந்துவிடுவார். புதிய வண்டி சின்னக் குறைகளை ஈ.சி.யூ. மூலம் தானே சரிக்கட்டிக்கொண்டு முகம் காட்டாமல் ஓடும். ஒரு கட்டத்தில் மீட்டரில் எஞ்சின் விளக்கு எரியும். அப்போது சாலையோரத்தில் உங்களால் செய்யக்கூடியது குறைவு. ஸ்கேனர் கருவி வேண்டும், அதைப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். நானே அந்தக் கருவியை வாங்கிப் பழகச் சில மாதங்கள் ஆயின. என் வயதுக்காரர்களில் சிலர் பழகவே மாட்டேன் என்று பழைய வண்டிகளோடு நின்றுவிட்டார்கள். அவர்களிடம் போனால் சென்சாரை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து உங்கள் பணத்தில் பாடம் கற்றுக்கொள்வார்கள், கவனம்.

ரிசர்வ் இல்லாததும் ஒரு பெரிய மாற்றம். பழையதில் பெட்ரோல் தீர்ந்து வண்டி இருமும்போது, ஓடிக்கொண்டிருக்கும்போதே இடது கையை இறக்கிக் குழாயை ரிசர்வுக்குத் திருப்புவோம். புதியதில் குழாயே கிடையாது, முள்தான். பெட்ரோல் பம்ப் டேங்குக்குள்ளேயே மூழ்கியிருக்கிறது, சுற்றியிருக்கும் பெட்ரோல்தான் அதைக் குளிர்விக்கிறது. ஐம்பது ரூபாய்க்கு ஐம்பது ரூபாய் என்று போட்டு எப்போதும் அடிமட்டத்திலேயே ஓட்டினால் பம்ப்புக்கு ஆயுள் குறையும். அதுபோலவே பேட்டரி. பழைய வண்டியில் பேட்டரி செத்தாலும் உதைத்தால் கிளம்பும், ஹாரனும் இண்டிகேட்டரும்தான் போகும். புதியதில் உதைக்கும் கம்பி இருக்கிறது என்றாலும் பம்ப்பும் ஈ.சி.யூ.வும் மின்சாரத்தால் இயங்குபவை. பேட்டரி ஓரளவு இறங்கியிருந்தால் உதைத்து எடுத்துவிடலாம், முற்றிலும் செத்துவிட்டால் பெரும்பாலும் நடக்காது. இன்னொரு சிறு செய்தி: வண்டி கீழே விழுந்தால் சாய்வை உணரும் சென்சார் எஞ்சினை நிறுத்திவிடும். சாவியை அணைத்துப் போட்டால் மறுபடி கிளம்பும். இது தெரியாமல் ஒருவர் மூன்று கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்தார். நான் சாவியைத் திருப்பிக் கிளப்பிக் காட்டியதும் அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. கூலி வாங்கவில்லை.

பழையதை வைத்துக்கொள்வதில் இப்போது புதிதாக ஒரு கவலை சேர்ந்திருக்கிறது, பெட்ரோலில் கலக்கும் எத்தனால். 20 சதவீதம் கலந்த பெட்ரோல் இப்போது நாடு முழுவதும் வந்துவிட்டது. எத்தனாலுக்குப் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு, ஈரத்தையும் இழுக்கும். நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கையே, இதற்கென வடிவமைக்கப்படாத இருசக்கர வண்டிகளில் மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் குறையலாம் என்று மதிப்பிட்டது. ஆக்சிஜன் சென்சார் இருக்கிற வண்டி கலவையை ஓரளவு தானே சரிசெய்துகொள்ளும், கார்புரேட்டரால் முடியாது. 1998-ன் ரப்பர் பாகங்களும் இந்தப் பெட்ரோலை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை அல்ல. இதனால் பழைய வண்டி எஞ்சின் அழிந்துவிடும் என்று பரவும் பேச்சை நான் ஏற்கவில்லை, என் பட்டறையில் அப்படி நடந்து பார்த்ததில்லை. நான் பார்ப்பதெல்லாம் மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திய வண்டிகளின் கார்புரேட்டருக்குள் பச்சையாகப் படிகிற துரு, உப்பிப்போன ஓ-ரிங், இறுகிப்போன பெட்ரோல் டியூப். இவை சில நூறு ரூபாய் வேலைகள்.

புதிய வண்டி 27 ஆண்டுகள் உழைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். எஞ்சினுக்கு நான் உறுதி சொல்வேன், அது பழகிய எஞ்சின். மற்ற மின்னணுச் சாமான்களுக்கு யாராலும் உறுதி சொல்ல முடியாது, ஏனென்றால் இந்த வகை ஸ்ப்ளெண்டர் சாலைக்கு வந்ததே 2020-ல்தான். இதுவரை நான் பார்த்தவற்றில் ஈ.சி.யூ. போனது அரிது, எலி கடித்து வயரிங் போனதுதான் அதிகம். 2045-ல் இதே ஈ.சி.யூ. கடையில் கிடைக்குமா என்பது வேறு கேள்வி. பழையதற்குப் பிஸ்டனும் கிளட்ச் பிளேட்டும் இன்றைக்கும் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கின்றன.

உங்கள் வண்டியைப் பார்க்காமல் அதன் நிலையைச் சொல்ல என்னால் முடியாது. பார்த்தால் நான் முதலில் கவனிப்பவை இவை: சூடேறிய பிறகு முறுக்கினால் நீலப் புகை வருகிறதா, பின்சக்கரத்தைத் தாங்கும் சுவிங் ஆர்மைப் பிடித்து அசைத்தால் ஆட்டம் இருக்கிறதா, சேஸில் பின் ஷாக் அப்சர்பர் பொருத்திய இடத்தில் வெடிப்போ துருவோ இருக்கிறதா. புகை வந்தால் எஞ்சின் வேலை, அது செய்துகொள்ளக்கூடியது. சேஸில் வெடிப்பு என்றால் அந்த வண்டியில் நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள், வெல்டிங் வைத்தும் போகாதீர்கள். ஆர்.சி. புத்தகத்தையும் எடுத்துப் பாருங்கள். 1998 வண்டிக்கு 15 ஆண்டு 2013-ல் முடிந்திருக்கும். அப்போதும், பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை 2018-லும் 2023-லும் பசுமை வரி கட்டிப் புதுப்பித்திருக்க வேண்டும். அது விட்டுப்போயிருந்தால் விபத்து நேர்கையில் இன்சூரன்ஸ் சிக்கலாகும்.

என் யோசனையைக் கேட்டால், தினம் 44 கிலோமீட்டருக்குப் புதியது வாங்குங்கள், பிரேக்குக்காகவும் டயருக்காகவும். 9.8 லிட்டர் டேங்க்தான், பாதிக்குக் கீழே போக விடாதீர்கள். வாங்குமுன் உங்கள் ஊரில் ஸ்கேனர் வைத்திருக்கிற மெக்கானிக் யார் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். எக்ஸ்சேஞ்சில் பழைய வண்டிக்குக் கிடைக்கப்போவது சொற்பத் தொகை, அதற்காக அதைக் கொடுக்க வேண்டாம். சேஸ் நன்றாக இருந்தால் அப்பா கடைத்தெருவுக்குப் போய்வர வைத்துக்கொள்ளட்டும். பெட்ரோல் டியூபை மட்டும் இந்த மாதமே மாற்றிவிடுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் ஓட்டாமல் நிறுத்துவதாக இருந்தால், குழாயை மூடிவிட்டு கார்புரேட்டரில் மிஞ்சியிருக்கும் பெட்ரோல் தீர்ந்து எஞ்சின் தானாக அணையும் வரை ஐட்லிங்கில் விடச் சொல்லுங்கள். அநேகமாக அவர் அதை ஏற்கெனவே செய்துகொண்டிருப்பார்.